ஆவணம் பிழைபட்டால் எதனைத் திருத்துவது? கைப்பேசித் தாவற்பட்டை குறித்து ஒரு பரிசீலனை

மென்பொருள் நடந்துகொள்ளும் விதமும், அது எப்படி நடந்துகொள்ளும் என்று நிரலாளர்களுக்காக எழுதிவைத்த ஆவணமும் தம்முள் மாறுபடுமானால், திருத்தத்திற்கு உரியது எது? நிரலா, ஆவணமா, அன்றி இரண்டையும் ஒதுக்கிவிட்டுத் தன் போக்கில் வளர்ந்துவிட்ட பிரயோக வழக்கமா? கணினித் துறையில் இவ்வினா புதிதன்று. கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் பெல் ஆய்வுக்கூடத்தில் எழுதிய யூனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பு 1971 நவம்பர் 3ஆம் தேதியிட்டு வெளிவந்தபோதே, கட்டளைகளை விளக்கும் பக்கங்களின் இறுதியில் ‘பிழைகள்’ என்றொரு தலைப்பு இடம்பெற்றிருந்தது. நிரலை உடனே திருத்த முற்படாமலும், ஆவணத்தில் பொய் சொல்லாமலும், உள்ள குறையை உள்ளபடி எழுதிவைத்துவிடும் அந்த முறையைச் சிலாகிப்போர் இன்றும் உளர். எழுதியவரும் படிப்பவரும் ஒரே கட்டடத்தில் எதிர்ப்படக்கூடிய சூழ்நிலையில் அது இயல்பாகவே சாத்தியமாயிற்று. கோடிக்கணக்கான கருவிகளில் ஓடும் செயலிகளுக்கு அம்முறை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது தனியே ஆராயத்தக்கது.

அந்த ஆராய்ச்சிக்கு ஒரு சிறு பொருளையே இங்கே எடுத்துக்கொள்கிறோம். செயலியின் திரையில் மேலேயோ கீழேயோ வரிசையாக நின்று, தொட்டவுடன் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு அழைத்துச் செல்லும் தாவல்களே அப்பொருள். ‘டேப்’ என்றால் நிரலாளர் அனைவர்க்கும் விளங்கும். பொருள் அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் ஒரே நிறுவனத்தின் அதிகாரபூர்வமான ஆவணம் ‘இவ்வாறு செய்யற்க’ என்று விலக்கியதையே ஏறத்தாழ நான்காண்டுகளில் ‘இவ்வாறு செய்யலாம்’ என்று விதித்த சரித்திரம் இதற்கு உண்டு. ஆதலால், ஆவணத் திருத்தம் என்பதன் பலவகை நியாயங்களும் பலவீனங்களும் இதிலே தெளிவாகப் புலப்படுகின்றன.

தாவற்பட்டையின் சரித்திரம்

ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 2007இல் வெளிவந்தபோதே, அதன் தொலைபேசிச் செயலியிலும் இசைச் செயலியிலும் தாவல்கள் திரையின் அடிப்புறத்தில் அமைந்திருந்தன. அடுத்த ஆண்டில் வெளியாரும் செயலி எழுதுவதற்கு வழி திறக்கப்பட்டபோது, அதே அமைப்பு ஆயத்தமான ஒரு வகுப்பாக எல்லோருக்கும் வழங்கப்பட்டது. ஐந்துக்கு மேற்பட்ட தாவல்களை ஒருவர் கொடுத்தால் ஐந்தாவது இடத்தில் ‘மேலும்’ என்னும் தாவல் தானே தோன்றி மிகுதியைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும். தாவல் என்பது இடம் பெயர்வதற்கே உரியது, ஒரு காரியத்தைச் செய்து முடிப்பதற்கு உரியதன்று என்பது ஆப்பிளின் வழிகாட்டி நெடுங்காலமாக வற்புறுத்திவரும் விதி.

ஆண்ட்ராய்டின் கதை இவ்வளவு நேரானதன்று. 2008இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே டேப்ஹோஸ்ட், டேப்ஆக்டிவிட்டி என்னும் வகுப்புகள் இருந்தன. 2011இல் 3.0 பதிப்பு திரையின் தலைப்பகுதியில் ஆக்ஷன்பார் என்னும் பட்டையைக் கொணர்ந்து, தாவல்களை அதனோடு இணைத்தது. அதே ஆண்டில் 3.2 பதிப்போடு டேப்ஆக்டிவிட்டி வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டது. 2014இல் 5.0 பதிப்பு, ஆக்ஷன்பாரின் தாவல்களையும் அவ்வாறே ஒதுக்கியது. 2015இல் டேப்லேஅவுட் வந்தது. பக்கங்களை விரலால் தள்ளிச் செல்வதற்கு உதவும் வியூபேஜரோடு சேர்த்து அதனைப் பயன்படுத்துவதே முறை என்றாயிற்று. பின்னர் 2019இல் வியூபேஜரின் இடத்தில் வியூபேஜர்2 வந்தது. ஒவ்வொரு மாறுதலிலும் பழைய ஆவணங்கள் ஒரே நாளில் பொய்யாகிவிடவில்லை. பழைய வகுப்புகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மெய்யும் பொய்யுமல்லாத அந்த இடைநிலையே திருத்துவோருக்குப் பெருஞ்சங்கடம்.

இவை யாவும் எப்படி எழுதுவது என்பதைப் பற்றியவை. எங்கே வைப்பது என்பதில் நிகழ்ந்த மாறுதல் இன்னும் சுவையானது. 2012 ஜனவரியில் கூகுள் வெளியிட்ட ஆண்ட்ராய்டு வடிவமைப்பு வழிகாட்டி, பிற தளங்களைப் பின்பற்றித் தாவல்களைத் திரையின் அடியில் வைக்கலாகாது என்றும், மேலேயுள்ள பட்டையில் வைப்பதே இத்தளத்தின் சம்பிரதாயம் என்றும் வெளிப்படையாகவே விதித்தது. ஆவணம் முதன்மையாகச் சுட்டிய காரணம் சம்பிரதாயமே. ஆயினும், 2011இன் இறுதியில் வந்த கேலக்ஸி நெக்ஸஸ் கருவியில் ‘பின்செல்’, ‘முகப்பு’ முதலிய பொத்தான்கள் திரையின் அடிவிளிம்பிற்குள்ளேயே இடம்பெயர்ந்துவிட்டதை நோக்கினால், அவற்றை ஒட்டித் தாவல்களையும் அடுக்குவது தவறான தொடுகைகளுக்கு இடங்கொடுக்கும் என்ற கருத்தும் விதிக்குப் பின்னே நின்றிருக்கலாம் என்று ஊகிப்பது தவறாகாது.

அதற்கிடையே கருவிகள் வளர்ந்தன. முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம், 2014இல் வந்த ஐபோன் 6 பிளஸ்ஸின் திரை 5.5 அங்குலம். இலக்கு தூரத்தில் இருக்குமளவும் சிறிதாக இருக்குமளவும் அதனை எட்டுவதற்குக் காலம் மிகும் என்று பால் ஃபிட்ஸ் 1954இலேயே வகுத்த விதி, பெருவிரலின் விஷயத்தில் பிரத்தியட்சமாயிற்று. ஸ்டீவன் ஹூபர் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, பொது இடங்களில் 1,333 பேரைக் கவனித்து, அவர்களுள் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தோரில் 49 விழுக்காட்டினர் கருவியை ஒரு கையாலேயே பிடித்திருந்ததைக் காட்டியது. அந்தக் கையின் பெருவிரலுக்குப் பெரிய திரையின் மேல்விளிம்பு எட்டாக்கனி என்பதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டியதில்லை. 2016 மார்ச்சில் கூகுளின் மெட்டீரியல் என்னும் வடிவமைப்பு வழிகாட்டியில், மூன்று முதல் ஐந்து வரையிலான முக்கியமான இடங்களுக்குத் திரையின் அடியில் ஒரு பட்டையை அமைக்கலாம் என்ற விதி சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அதற்குரிய வகுப்பும் நூலகத்தில் வந்தது. மேலிருப்பவை ‘தாவல்’ என்றும் கீழிருப்பது ‘அடிவழிப் பட்டை’ என்றும் பெயரளவில் பிரித்துரைக்கப்பட்டதனால் முரண்பாடு ஒருவாறு மறைக்கப்பட்டதே தவிர நீங்கவில்லை.

இருவகைப் பிழைகள்

மேற்கூறிய சரித்திரத்தில் இரண்டு வேறு வகையான வாக்கியங்கள் கலந்து கிடக்கின்றன. ‘இந்த வகுப்பு இவ்வாறு நடக்கும்’ என்பது ஒருவகை. ‘நீ இவ்வாறு செய்க’ என்பது மற்றொரு வகை. முதலாவது வஸ்துநிலையைக் கூறுவது. ஓட்டிப் பார்த்து அதன் உண்மையைச் சோதிக்கலாம். இரண்டாவது விதி, அதனை ஓட்டிப் பார்க்க இயலாது. ஆவணத் திருத்தம் குறித்த விவாதங்களில் பல இவ்விரண்டையும் வேறுபடுத்தாமையாலேயே முடிவு காணாமல் நீள்கின்றன என்பது எமது அபிப்பிராயம்.

முதல்வகைக்கு ஓர் உதாரணம் தருவோம். பழைய வியூபேஜரோடு பயன்பட்ட ஃபிராக்மென்ட்பேஜர்அடாப்டரில், ஒவ்வொரு தாவலுக்கும் உரிய பக்கத்தைத் தருவதற்கென்று ‘கெட்ஐட்டம்’ என்னும் செயற்கூறு இருந்தது. குறித்த இடத்திற்குரிய பக்கத்தைத் திருப்பித் தருவது என்றே அதன் ஆவணம் சுருங்கக் கூறியது. பெயரையும் விளக்கத்தையும் நம்பிய நிரலாளர், எப்போது அழைத்தாலும் இருக்கின்ற பக்கமே கிடைக்கும் என்று கருதினார். உண்மையிலோ, பக்கம் இன்னும் உருவாகாதபோது மட்டுமே அமைப்பு அச்செயற்கூற்றை அழைக்கும். நிரலாளர் தாமே அழைத்தால் திரையிலுள்ள பக்கத்திற்குத் தொடர்பில்லாத புதியதொன்று பெரும்பாலும் கைக்கு வரும். கருவியைச் சாய்த்தவுடன் திரை மீண்டும் கட்டப்படும் வேளையில், முன்னே சேமித்த பக்கங்கள் தாமாகவே மீட்கப்பட, நிரலாளரின் பட்டியலில் உள்ளவை அநாதைகளாக நிற்கும். ஆவணத்தின் வாக்கியம் பொய்யென்று சொல்வதற்கில்லை. ஆனால் அது மறைத்ததே பெரிது. வியூபேஜர்2இல் அதே பணிக்குரிய செயற்கூற்றின் பெயர் ‘கிரியேட்ஃபிராக்மென்ட்’ என்று மாற்றப்பட்டது. புதியதொரு பக்கத்தை அளிப்பது என்று விளக்கமும் தெளிவுபெற்றது. ஆவணத்தை எழுதுவோரால் பல்லாண்டுகள் தீராத குழப்பத்தைப் பெயர்மாற்றம் ஒன்று பெருமளவு தீர்த்தது என்பதை, ஆவணத்தையும் நிரலையும் இரு வேறு துறைகளாகக் கருதுவோர் சிறிது சிந்திக்க வேண்டும்.

நிரலே பிரமாணம் என்போர்

நிரலையே பிரமாணமாகக் கொள்வோரின் பூர்வீகம் டொனால்ட் குனூத் 1984இல் வகுத்துரைத்த இலக்கிய நிரலாக்கம் என்னும் கொள்கையில் ஒருபால் தொடங்குகிறது. நிரலையும் விளக்கத்தையும் ஒரே மூலத்தில் பின்னி எழுதவேண்டும் என்பது அவர் கருத்து. அதன் எளிய வாரிசாக ஜாவா மொழியின் ஜாவாடாக் முறையைக் கொள்ளலாம். நிரலினுள்ளே குறிப்புரையாக எழுதப்பட்டதே ஆவணப் பக்கமாக வெளிப்படும். ஆண்ட்ராய்டின் வகுப்பு விளக்கங்கள் பெரும்பாலும் இவ்வழியில் பிறந்தவை. பைத்தான் மொழியில் 2001 முதல் இருந்துவரும் டாக்டெஸ்ட் இன்னும் ஒருபடி மேலே சென்று, ஆவணத்திலுள்ள எடுத்துக்காட்டையே ஓட்டிப் பார்த்து, எழுதியபடி விடை வராவிட்டால் பிழையென்று அறிவிக்கிறது.

இப்பட்சத்தின் வலிமை வெளிப்படை. பலவீனமோ இரண்டு. அருகில் இருப்பதனால் மட்டும் குறிப்புரையும் நிரலும் ஒத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லின் டானும் உடனாய்வாளரும் 2007இல் வெளியிட்ட ஐகமெண்ட் ஆய்வு, லினக்ஸ், மொஸில்லா, வைன், அப்பாச்சி ஆகியவற்றின் நிரல்களைத் துருவி, குறிப்புரையும் நிரலும் முரண்பட்ட 60 இடங்களைக் கண்டது. அவற்றுள் 33 இடங்களில் பிழை நிரலினுடையது, 27 இடங்களில் குறிப்புரையினுடையது. இவ்வெண்கள் சிறியவையே, தாவற்பட்டையைப் பற்றியவையும் அல்ல. எனினும், முரண்பாடு கண்டவிடத்து ஆவணமே குற்றவாளி என்று முன்கூட்டியே தீர்ப்பளிப்பது நியாயமன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. மற்றொரு பலவீனம், விதிகளைப் பற்றியது. தாவல் கீழே இருக்கலாமா என்னும் வாக்கியத்தை எந்த டாக்டெஸ்ட்டாலும் ஓட்டிப் பார்க்க முடியாது. பட்டை எங்கே வைத்தாலும் நிரல் ஓடும்.

ஆவணமே பிரமாணம் என்போர்

டேவிட் பார்னஸ் போன்றோர் நெடுங்காலமாக வற்புறுத்தியது இது. ஆவணம் என்பது முன்னரே செய்துகொண்ட உடன்படிக்கை. நிரல் அதற்கு உட்பட்டது. மாறுபட்டால் நிரலே தவறியது. 1994இல் மென்பொருளின் மூப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில், மாறுதல்களைப் பதிவுசெய்யாத ஆவணம் மென்பொருளை விரைவில் முதுமையடையச் செய்யும் என்று பார்னஸ் எச்சரித்தார்.

இக்கொள்கை நேர்த்தியானது, ஆனால் நடைமுறையில் ஹைரம் ரைட்டின் பெயரால் வழங்கும் கூற்று இதனைத் தடுத்து நிற்கிறது. பயன்படுத்துவோர் போதிய அளவு பெருகிவிட்டால், உடன்படிக்கை என்ன சொன்னாலும், வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாரேனும் ஒருவர் சார்ந்திருப்பார் என்பதே அது. பழைய வியூபேஜரில், பக்கத்திலுள்ள தாவல்களை முன்கூட்டியே ஏற்றாதிருக்கும்படி எல்லையைச் சுழியம் என்று கொடுத்தால், அது பிழையென்று நிறுத்தாமல் அதனை ஒன்று என்று எடுத்துக்கொண்டு, குறிப்பேட்டில் ஓர் எச்சரிக்கையை மட்டும் எழுதும். சுழியம் ஏற்கப்பட்டதாக நம்பி எழுதிய நிரல்களும் ஓடிக்கொண்டே இருந்தன. உடன்படிக்கையின் பேரால் அதனைத் திடீரெனக் கண்டிப்பாக்கியிருந்தால், ஆவணம் மெய்யாகியிருக்கும், செயலிகள் விழுந்திருக்கும். கண்டிப்பு, வேறு பெயரோடு வந்த வியூபேஜர்2இல்தான் நுழைய முடிந்தது.

ஒரு சிக்கலான வழக்கு: தாவலின் நினைவு

இவ்விரு பட்சங்களும் நேருக்கு நேர் மோதும் இடம் ஒன்றுண்டு. சற்று நின்று பார்க்கத் தகும். ஒருவர் ஒரு தாவலில் மூன்று திரைகள் உள்ளே சென்றுவிட்டு, வேறொரு தாவலைத் தொட்டு, மீண்டும் முதல் தாவலுக்கு வருகிறார். விட்ட இடத்திலேயே அவர் நிற்க வேண்டுமா, அல்லது அத்தாவலின் முதல் திரையிலிருந்து தொடங்க வேண்டுமா? ஐஓஎஸ் மரபில் ஒவ்வொரு தாவலும் தன் பயண அடுக்கைத் தனியே வைத்திருக்கும். விட்ட இடத்திலேயே நிற்பார். 2018ஆம் ஆண்டளவில் மெட்டீரியல் வழிகாட்டி இவ்வேறுபாட்டை ஏற்று, ஆண்ட்ராய்டில் அடிப்பட்டையைத் தொட்டால் அப்பகுதியின் முதல் திரைக்கே செல்லும், இடைநிலைகள் அழிக்கப்படும் என்று எழுதியது. பயன்படுத்துவோரின் நன்மைக்காக அவ்வழக்கத்தை மீறலாம் என்று ஒரு விலக்கும் வைத்தது. 2022 ஜனவரியில் நிலைபெற்ற, ஆண்ட்ராய்டின் நேவிகேஷன் நூலகத்தின் 2.4 பதிப்பு, பல பயண அடுக்குகளைக் காக்கும் ஆற்றலைப் பெற்று, ஆயத்த இணைப்பைப் பயன்படுத்திய செயலிகளில் தாவலின் நிலையைத் தானாகவே சேமித்து மீட்கத் தொடங்கியது.

வழிகாட்டி அழிக்கும் என்றது. நூலகம் காத்துக் கொடுத்தது. இங்கே பிழை யாருடையது? நூலகம் விதியை மீறியது என்று சொன்னால், பல்லாண்டுகளாக நிரலாளர் கேட்டுவந்த வசதியைப் பிழை என்பதாகும். வழிகாட்டி தவறியது என்று சொன்னால், அது எழுதப்பட்ட காலத்தில் தளத்தின் இயல்பை உள்ளபடி கூறியதையே குற்றமாக்குவதாகும். விதியைப் போல ஒலித்த அவ்வாக்கியம், அன்றைய நூலகத்தின் இயலாமையைச் சம்பிரதாயமென்று பெயரிட்டு எழுதியதோ என்ற சந்தேகமும் எழுகிறது. அவ்வாறாயின், அது விதியின் உடையணிந்த வஸ்துநிலை வாக்கியம். நூலகம் மாறிய அன்றே மாறியிருக்க வேண்டியது.

வழக்கே பிரமாணம் என்போர்

இலக்கணம் வழக்கைப் பின்பற்றுவதா, வழக்கு இலக்கணத்தைப் பின்பற்றுவதா என்று நம் உரையாசிரியர்கள் நடத்திய வாதத்தை நினைவூட்டுவது இம்மூன்றாம் பட்சம். எல்லோரும் எவ்வாறு செய்கிறார்களோ அதனையே ஆவணம் எழுதவேண்டும். எழுதும் உரிமையும் எல்லோருக்கும் இருக்கவேண்டும். வலை நிரலாளர்களுக்குரிய எம்டிஎன் ஆவணம் நெடுங்காலம் யாரும் திருத்தக்கூடிய விக்கியாக இருந்து, 2020 டிசம்பரில் கிட்ஹப் தளத்திற்குப் பெயர்ந்து, திருத்தங்களைப் பரிசீலித்த பின்னரே ஏற்கும் முறைக்கு மாறியது. திறந்த கதவுக்குக் காவலாளி வேண்டும் என்ற பாடத்தை அதிலிருந்து கற்கலாம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிறுவனம் 2016 ஜூலையில் தொடங்கிய கூட்டு ஆவண முயற்சியோ ஓராண்டு கடந்த சிறிது காலத்தில், 2017 ஆகஸ்டில், கைவிடப்பட்டது. வினாவுக்கு விடை எழுதுவதில் தேர்ந்த ஒரு கூட்டம், வினாவே இல்லாத இடத்தில் ஒழுங்கான நூலொன்றை எழுத இயலவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வழக்கை நம்பும் இம்முறையின் மற்றொரு குறை, பழைய வழக்கும் வழக்காகவே நீடிப்பது. டேப்ஆக்டிவிட்டியைப் போதிக்கும் பாடங்கள் அது ஒதுக்கப்பட்ட பின்னரும் தேடுவோர் கைக்கு அகப்பட்டுக்கொண்டே இருந்தன; அவற்றை எழுதியோருக்குத் திருத்தும் கடமை ஏதுமில்லை.

தேதியிடாத திருத்தம்

பிழையான ஆவணத்தால் நேரும் தீங்கை மிகைப்படுத்தவும் கூடாது. டிமதி லெத்பிரிஜ் முதலியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, காலத்திற்கேற்பப் புதுக்கப்படாத ஆவணங்களும் பொறியாளர்களுக்குப் பலவகையிலும் பயன்படுகின்றன என்று கண்டது. இது ஓரளவு ஆறுதல் தரும் முடிவு. ஆனால் பழையது என்று தெரிந்து படிப்பதற்கும், தெரியாமல் படிப்பதற்கும் உள்ள பேதம் பெரிது. வகுப்பு விளக்கங்களில், எந்தப் பதிப்பில் ஒரு பொருள் ஒதுக்கப்பட்டது, அதன் இடத்தில் எதனைக் கொள்வது என்ற குறிப்பு எழுதப்படுகிறது. டேப்ஆக்டிவிட்டியின் பக்கத்தை இன்று திறப்பவரும் அதனைக் காணலாம். வடிவமைப்பு விதிகளுக்கு இத்தகைய மரபு உறுதியாக அமையவில்லை. 2012இன் விலக்கும் 2016இன் அநுமதியும் ஒன்றையொன்று சுட்டவில்லை. முன்னது எந்தக் காரணத்தால் நின்றது, அக்காரணம் எப்போது நீங்கியது என்று ஒரு வரி எழுதியிருந்தால், மேல்பட்டையை மாற்றலாமா என்று தயங்கிய நிரலாளர் தம் செயலியின் பயன்பாட்டை வைத்துத் தாமே தீர்மானித்திருப்பார். மௌனமாக நிகழ்ந்த இத்தகைய திருத்தத்தையே, பிழையைக் காட்டிலும் அதிகமாகக் கண்டிக்க வேண்டும் என்று எமக்குத் தோன்றுகிறது. பிழை கண்டுபிடிக்கப்படக்கூடியது, அழித்தெழுதப்பட்ட விதியோ தனக்கு முன்னே வேறொரு விதி இருந்ததையே மறக்கச் செய்துவிடுகிறது.

தீராமல் நிற்பவை

வஸ்துநிலை வாக்கியங்களைப் பொறுத்தவரை ஓரளவு ஒருமித்த கருத்து உருவாகியிருக்கிறது எனலாம். எடுத்துக்காட்டுகளைச் சோதனைக்கு உட்படுத்துவது, ஒதுக்கியவற்றுக்குப் பதிப்பெண் இடுவது, தவறாக அழைக்கத் தூண்டும் பெயரைச் சமயம் வாய்த்தபோது மாற்றுவது ஆகியவற்றை மறுப்போர் குறைவு. எஞ்சி நிற்கும் சிரமம், நிபந்தனையோடு கூடிய விதிகளைப் பற்றியது. அவை பெருகியும் வருகின்றன. திரையின் அகலம் 600 டிபி அளவை எட்டினால் அடிப்பட்டையை விட்டுப் பக்கவாட்டுப் பட்டையை மேற்கொள்க என்று மெட்டீரியல் வழிகாட்டி கூறிவந்தது. மடித்து விரிக்கும் கருவியில் ஒரே செயலி ஒரே நிமிடத்தில் இரு விதிகளுக்கும் உட்பட்டது. ஆப்பிளும் 2024இல் ஐபேட்ஓஎஸ் 18 பதிப்பில் தாவற்பட்டையைத் திரையின் மேற்புறத்திற்கு உயர்த்தி, வேண்டுமானால் பக்கப்பட்டையாக மாறும்படி செய்தது. தாவற்பட்டை அடியில் இருக்கும் என்று பதினாறு ஆண்டுகளாக எழுதப்பட்டுவந்த வாக்கியங்கள் ஐபோனுக்கு மெய்யாகவும் ஐபேடுக்குப் பொய்யாகவும் அன்று பிளவுபட்டன.

இத்தகைய வாக்கியத்தை இரண்டாகப் பிரித்து எழுதுவதா, கருவிக்கேற்பத் தானே மாறும் ஆவணமாக்குவதா, அன்றி இடத்தைப் பற்றிய விதியையே கைவிட்டு, பட்டை எங்கே தோன்றுவது என்னும் தீர்மானத்தைத் தளத்திடமே ஒப்படைப்பதா என்பதில் கருத்தொருமை இல்லை. கடைசியாகச் சொன்ன வழியையே இரு நிறுவனங்களும் மெல்ல நாடுவதாகத் தெரிகிறது. அதனால் ஆவணத்தில் பிழை நேரும் இடங்கள் குறையலாம். ஆனால் தளம் எந்த நியாயத்தைக் கொண்டு இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்பதை எழுதும் பொறுப்பு அப்போதும் ஒருவர் மேல் விழும். அந்த நியாயத்தைப் பதிப்புக்குப் பதிப்பு தேதியிட்டு எழுதிவைக்க எந்த நிறுவனமும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டதாகத் தெரியவில்லை.